பிறந்த வீட்டுக் கோடி

"முழுசா அடிக்காதடா! உள்ள காத்து போவணும் இல்ல?"

உபகாரமேரி பாய்ந்து தம்பியின் சுத்தியலைப் பிடித்துக்கொண்டாள். லூர்துராஜ் ஆணியைப் பாதியிலேயே விட்டான். தலைமாட்டுப் பக்கம் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சிராயைச் செருகினான். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

"இன்னாம்மா, மூச்சு வருதா?" என்று இடைவெளியில் வாய் வைத்துக் கேட்டான்.

"வருதுங்க. புதுப் பலகை நாத்தம் மூக்குல ஏறுது. தும்மல் வரும் போல இருக்குது" என்றது சவப்பெட்டி.

"நான் செஞ்ச பொட்டியில படுத்துக்கினு பேசற மொத ஆளு நீதாம்மா. தும்மிடாத. பொணம் தும்முனா மாதா கோயில்ல புதுமைன்னு கூட்டம் சேந்துடும்."

உபகாரமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருக்கோடியில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டப் பூட்டுடா" என்றாள்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னார்க்காடு ஜில்லாவே சாலையில் இறங்கியிருந்தது. புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. போலீஸ் முழுக்கப் பெரிய ரோட்டில் நின்றது. உள்ளூரில் கேட்பார் கிடையாது.

அந்தக் கேட்பாரற்ற நேரத்தில்தான் அவள் மருமகள் செவ்வந்தி கல்வராயன் மலை அடிவாரத்து மாதா கோயில் தெருவில் மாட்டிக்கொண்டாள். சேலத்தில் மெக்கானிக்காக இருக்கும் உபகாரமேரியின் மகன் பிரிட்டோவோடு அவள் வீட்டைவிட்டு ஓடிப்போய் மூன்று மாதம். மாதா திருவிழாவுக்கு மாமியார் வீடு வந்தவளை விட்டுவிட்டு, பிரிட்டோ வேலைக்குத் திரும்பினான். மறியல் தொடங்கிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாரோ அவளைப் பார்த்துவிட்டார்கள். விஷயம் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. வேறு சாதி, வேறு சாமி, அதிலும் காலனித் தெருப் பையன். பொழுது சாய்வதற்குள் அண்ணன் ஆட்களோடு வருகிறான், இழுத்துப்போய் முடித்துவிடப் போகிறார்கள் என்று மத்தியானம் ஒருத்தி மூச்சிரைக்க வந்து சொன்னாள்.

"உங்க அண்ணன் அப்படிச் செய்வானா?" என்று உபகாரமேரி கேட்டதற்கு, செவ்வந்தி, "தெரியல அத்தே. அண்ணன் கோவத்த நான் பாத்ததில்ல. நான் போனதுக்கப்புறம் எப்படி இருக்குதோ" என்றாள்.

அந்த அண்ணனின் முகம்கூட உபகாரமேரிக்குத் தெரியாது. சம்பந்தி வீடு என்று போய் நின்றிருந்தால்தானே தெரியும்.

சின்னசேலம் போய்விட்டால் பிரிட்டோ எப்படியாவது சேலம் கொண்டுபோய்விடுவான். அதுவரைக்கும் போக ஒரே ரோடு. மறியல்காரர்கள் காய்கறி மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை விடுகிறார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு. பிணத்தை மட்டும்தான் பார்க்காமல் விடுகிறார்கள்.

ஆகவே செவ்வந்தி பிணமானாள்.

வண்டி கச்சிராயபாளையம் கடைத்தெருவைக் கடந்து வாய்க்கால் பாலத்தை நெருங்கியபோது வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டில் பெரிய புளியமரம் ஒன்று வேரோடு படுத்திருந்தது. அதன்மேல் ஏழெட்டுப் பேர் கொடியோடு உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் மீசையை முறுக்கிவிட்ட ஓர் இளைஞன் கையில் கொடுவாளோடு குதித்து வந்தான்.

'இவன்தான் அண்ணன்' என்று உபகாரமேரி முடிவு செய்துகொண்டாள்.

"வண்டி எங்க போவுது?"

"சின்னசேலம் பக்கங்க. என் ஓரகத்தி. ஆஸ்பத்திரிக்கு வந்த எடத்துல போயிட்டா. அவ புருஷன் ஊருக்கு எடுத்துக்கினு போறோம்."

"பொணமா? இல்ல, போலீசுக்காரன் எவனாவது கால நீட்டிப் படுத்துக்கினு போறானா?"

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டேய் தங்கதுரை, தெறந்து பாருடா! உன் மாமனாரா இருக்கப் போறாரு!" என்று ஒருவன் கத்தினான்.

தங்கதுரை வண்டிச் சக்கரத்தின்மேல் கால் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். தும்மலை விழுங்கிய சத்தம்.

உபகாரமேரி வாயைத் திறந்து அலறினாள். உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைப்பதா என்று வீட்டிலிருந்தே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே மருமகளை நினைக்கவில்லை. கரும்பு லாரி கவிழ்ந்து செத்துப்போன புருஷனை நினைத்துக்கொண்டாள்.

"என்ன உட்டுட்டுப் போனீயே! ஒத்தையில நிக்க வச்சியே!"

கண்ணீர் நிஜமாகவே வந்தது. தங்கதுரை காலை எடுத்துவிட்டான். கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவன் கொடியைத் தாழ்த்திப் பிடித்தான்.

"உடுங்கடா, கெளையத் தள்ளி வழி உடுங்க" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் கிளையை இழுத்தார்கள். லூர்துராஜ் மாட்டின் வாலைத் தொட்டான். இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள் உபகாரமேரி.

"கொஞ்சம் நில்லுங்கம்மா."

மரத்தின் அடிப்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. தோளில் துண்டு. கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியாம். எல்லோரும் அவரை "மேஸ்திரி" என்றே கூப்பிட்டார்கள்.

"பொட்டி மூடிட்டீங்களே. பொறந்த வூட்டுக் கோடி போட்டாச்சா?"

உபகாரமேரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாலை வாங்கினாள், சிலுவை வைத்தாள், மெழுகுவத்திகூட எடுத்தாள். இதை மறந்துவிட்டாள். செத்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தாமல் இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் எடுக்கமாட்டார்கள். வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியும் அவள் தெருவில் சாமிதான் மாறியது, கோடி மாறவில்லை.

நாக்கு முந்திக்கொண்டது. "அவ பொறந்தது திருநாவலூர் பக்கங்க. ரோடெல்லாம் நீங்கதான மறிச்சிக்கினு இருக்கீங்க? அவங்க எப்படி வருவாங்க?"

சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள். சொன்ன வேகத்திலேயே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. மரத்தின்மேல் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் குற்ற உணர்வு ஏறியிருந்தது.

"நம்மளால ஒரு பொம்பள கோடி இல்லாம போறதா?" என்றார் ஒரு பெரியவர். "நாளைக்கி நாலு பேரு இன்னா பேசுவான்? மறியல் பண்ற நம்ம சங்கத்துக்குத்தான கெட்ட பேரு?"

"பரவால்லிங்க, மன்னிச்சி உட்ருங்க, நேரம் ஆவுது" என்று லூர்துராஜ் கும்பிட்டான்.

"இருப்பா. பொறந்தவன் வர்லன்னா ஊர்ல ஒருத்தன் போடறது மொறதான்" என்றார் மேஸ்திரி. கடைத்தெருப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். ஜவுளிக்கடைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கடைக்காரன் கதவைப் பாதி திறந்து எதையோ நீட்டினான். மேஸ்திரி சிவப்புச் சேலை ஒன்றோடு திரும்பி வந்தார்.

அந்த இடைவேளையில் உபகாரமேரி அறிந்த ஜெபம் எல்லாம் தீர்ந்துவிட்டது.

"மூடியத் தூக்கணும்."

"வேணாங்க! ரெண்டு நாளு ஆயிப்போச்சி. நாத்தம் எடுக்கும். மேலயே போத்திடுங்க."

"பொட்டி மேல போட்டா பொட்டிக்குப் போட்ட கோடி." அவர் குரல் உயரவில்லை. தங்கதுரையும் இன்னும் இரண்டு பேரும் வண்டியைச் சுற்றி நெருங்கினார்கள். மேஸ்திரி அவர்கள் பக்கம் திரும்பினார். "பொம்பளப் பொணம்டா. இன்னா எட்டிப் பாக்கறீங்க? அந்தாண்ட போய் நில்லுங்க."

நகர்ந்தார்கள். அவர் வண்டிமேல் ஏறினார். பாதி அடித்த ஆணி ஒரு நெம்பலில் வந்துவிட்டது. தலைமாட்டில் மூடியை ஒரு முழம் தூக்கினார். உபகாரமேரி பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தினால் ஓடுவதற்குக்கூட இடமில்லை. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் ஆட்கள்.

மேஸ்திரி உள்ளே பார்த்தார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு எழும்பி நின்றது. குனிந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே சேலையை விரித்து உள்ளே விட்டார். மந்திரம் போலும் என்று நினைத்தாள். மூடியை இறக்கும்போது மரச்சிராய் நழுவி விழுந்தது. அதை எடுத்துப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு இறங்கினார்.

"இன்னா மேஸ்திரி, யாரு? தெரிஞ்சவளா?" என்றான் தங்கதுரை.

"செத்துப்போனவடா. வேற யாரு?"

"இன்னும் ரெண்டு எடத்துல நிறுத்துவாங்களே, அங்க இன்னா சொல்றது?" என்று லூர்துராஜ் இழுத்தான்.

"கோடி நான் போட்டேன்னு சொல்லு. உடுவாங்க." துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் படியில் இறங்கினார். "தலைமுழுவிட்டு வந்துடறேன்டா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வண்டி நகர்ந்தது. அடுத்த மறியலிலும், அதற்கடுத்ததிலும் அவர் சொன்னபடியே விட்டார்கள். சின்னசேலத்துக்கு முந்திய கரும்புத் தோட்டத்து ஓரம் ஆளரவம் இல்லாத இடமாகப் பார்த்து லூர்துராஜ் மாட்டை நிறுத்தினான். மூடியைத் திறந்தார்கள். செவ்வந்தி எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. மடியில் சிவப்புச் சேலை.

"அந்தச் சேலையத் தூக்கி எறி மொதல்ல. பொணத்துக்குப் போட்டது" என்றாள் உபகாரமேரி.

செவ்வந்தி எறியவில்லை. மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கண்ணு தொறந்து இருந்தியா?"

"தொறந்துதான் இருந்தேன். மூட மறந்துட்டேன்."

"பாத்துட்டானா? பாத்துட்டுமா உட்டான்? கொடுவாளோட நின்னானே மீசக்காரன், உங்க அண்ணன், அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்ம கதி இன்னா?"

"அது எங்க அண்ணன் இல்ல அத்தே. அவன் பக்கத்துத் தெரு."

"அப்ப உங்க அண்ணன் அந்தக் கூட்டத்துல இல்லியா?"

"இருந்தாரு."

"குனிஞ்சி ஏதோ மந்திரம் சொன்னானே அந்த மேஸ்திரி, அது இன்னா?"

"மந்திரம் இல்ல. 'கண்ண மூடிக்கோ பாப்பா, இனிமே இந்தப் பக்கம் வராத'ன்னாரு." செவ்வந்தி சேலையின் கடைசி மடிப்பை நீவிவிட்டாள். "எங்க வூட்ல என்னப் பாப்பான்னு கூப்பிடறது எங்க அண்ணன் மட்டுந்தான்."