வயது இறங்கி வந்தவர்

ஷட்டர் ரிப்பேர்க்காரர் செத்துப்போன மறுவாரம், வழக்கம்போல வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். கடைத்தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும் நேரம். மரப்படியில் கனத்த காலடி ஏறியது, கதவு திறந்தது, கிரீஸ் வாடை முதலில் உள்ளே வந்தது, பின்னாலேயே அவர் வந்து சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஏணியிலிருந்து விழுந்தபோது கிழிந்த சட்டைக்கை கிழிந்தபடியே இருந்தது. ரெடிமேட் கடைச் சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பது வயது மகள் பாடப்புத்தகத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் உயிரோடு இருந்தபோதும் அந்த நேரத்தில் அந்த வீட்டில் இதுதான் நடக்கும். அதனால் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் ஒன்றுதான், அவர் அடிக்கவில்லை. பேசவும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், தண்ணீரைத் தொடாமல் எழுந்து போவார். செத்தவர் அடிக்கமாட்டார் என்பது மனுஷருக்குத் தெரியும், பயத்துக்குத் தெரியுமா? நாற்காலி கிறீச்சிட்டால் தாய்க்கு இன்னமும் தோள் தூக்கிப்போட்டது. மகள் சத்தமில்லாமல் நடந்து பழகியவள். தெருக்காரர்கள் அவளைப் பூனை என்று கூப்பிட்டார்கள், செல்லமாகத்தான். ஆனால் அவள் ஏன் அப்படி நடக்கிறாள் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. மாடியிலிருந்து வந்த சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்டும் கேட்காத மாதிரி கடையைச் சாத்தியவர்கள்தான் அவர்கள்.

தாய்க்கு இடது காது கேட்காது. அது போனது மகளுக்கு ஏழு வயதில். அவருடைய எண்ணெய்க் குப்பியை வைத்து விளையாடிக் கவிழ்த்தவள் மகள். நான்தான் தட்டிவிட்டேன் என்று சொன்னவள் தாய். கன்னத்தில் ஒரே ஓர் அறை. அன்றிலிருந்து மகளுக்குள் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அம்மாவின் காது போனது என்னாலா? தாயைக் கேட்டால் இல்லையடி என்பாள், அது தாய் சொல்லும் வார்த்தை, கணக்கில் சேராது. அடித்தவர்தான் சொல்ல வேண்டும். அவர் செத்த அன்று மகள் அழாமல் நின்றதைப் பார்த்து நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். கேள்விக்கான பதிலை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டாரே என்றுதான் அவள் நின்றாள். இப்போது திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் வளர்ந்ததும் கேட்டுவிடலாம் என்று இருந்தாள்.

அவர் வயது இறங்குவதை முதலில் கண்டுபிடித்தவர் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர். “அவருக்கு நரையெல்லாம் கறுத்துடுச்சே. என்ன தடவுறாருன்னு கேட்டுச் சொல்லும்மா, என் தலையிலும் தடவிப் பார்க்குறேன்” என்றார். உண்மைதான். மகளுக்கு ஒரு வயது ஏறினால் அவருக்கு மூன்று வயது இறங்கியது. தொப்பை போனது, முன்பல் ஒன்று திரும்பி வந்தது. மகள் பல மாலைகள் அவர் எதிரில் போய் நின்றாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு வழியாக, பதின்மூன்று வயதில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டாள். “அன்னைக்கு அம்மாவை அடிச்சது என்னாலதானாப்பா?” செத்த பிறகு அவர் முதல்முறையாகப் பேசியது அப்போதுதான். குரல் தன்மையாக இருந்தது. “நீ யாரு பாப்பா?” என்று கேட்டார். அவள் பிறப்பதற்கு முந்தைய வயதுக்கு அவர் போய்விட்டிருந்தார். அந்த அறை அவர் கணக்கில் இன்னும் விழவே இல்லை. மகள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு அவர் மாப்பிள்ளை வயதுக்கு வந்தார். அந்த ஒரு கோடைக்காலம் தாய் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சன்னலோரம் உட்கார்ந்து அவள் ஊசி போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவள் கண்ணில் படாமல் சிரிப்பார். “இந்த மனுஷனைத்தான்டி நான் கட்டிக்கிட்டேன். உன்கிட்டக் காட்ட முடியலையேன்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன்” என்று மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோடை முடிந்ததும் அவர் கல்யாணத்துக்கு முந்தைய வயதுக்கு இறங்கி, அவளை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அவள் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வருஷம் அவள் எடுத்த காஜாக்கள் கோணலாக இருந்தன என்று ரெடிமேட் கடைக்காரர் திருப்பி அனுப்பினார்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளும் அவரும் ஒரே வயதாக இருந்த வருஷம், எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தார்கள். அவளுக்கு அவரைக் கண்டாலே எரிந்தது. அடித்த ஆளும் இல்லாமல், பதில் சொல்லும் ஆளும் இல்லாமல், மீசை அரும்பிய யாரோ ஒருவன் தினமும் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரியாது. அடுத்தடுத்த வருஷங்களில் மீசை போனது, உயரம் போனது. ஒரு மாலை அவர் ஏழு வயதுப் பையனாக மூச்சிரைக்க ஓடிவந்தார். நாற்காலிக்குப் போகவில்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

மகள் குனிந்து பார்த்தாள். கெண்டைக்காலில் பெல்ட் தடம் தடித்திருந்தது.

“யாருடா அடிச்சது?”

“அப்பா.”

“என்னத்தைக் கொட்டினே? எதை உடைச்சே?”

“ஒண்ணும் பண்ணலக்கா. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வந்தாரு, அடிச்சாரு.”

“காரணம் இல்லாம அடிப்பாங்களா?”

“அடிச்சுட்டு அப்புறம் எதையாவது சொல்லுவாரு” என்றான் பையன்.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இத்தனை வருஷம் யார் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்தாளோ அந்த வாயிலிருந்தே வந்துவிட்டது, பால்பல் விழுந்த வாயாக இருந்தாலும். எண்ணெய் கவிழாமல் இருந்தாலும் அந்தக் கை இறங்கியிருக்கும். அவளுக்கு அழுகை வந்தது, அம்மாவுக்காக, தனக்காக, கட்டிலடியில் கிடக்கிறவருக்காக. அம்மாவின் காது போனதை அவள் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

அப்போது மரப்படியில் காலடி கேட்டது. பழைய காலடியைவிடக் கனமானது. கட்டிலுக்கு அடியில் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. மகள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்த ஆள்தான், அவள் பிறப்பதற்கு முன்பே செத்த தாத்தா, கையில் பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

“என் பையன் இங்க வந்தானா?”

“இருக்காரு. அனுப்ப முடியாது.”

“நான் அவனைப் பெத்தவன்.”

“அவரு என்னைப் பெத்தவரு. நீங்க இறங்குங்க.”

தாய் துணி வெட்டும் கத்தரிக்கோலோடு மகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிக்கு இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, வயசாளி இறங்குகிற மாதிரி இறங்கிப் போனார். அவர் அதற்கப்புறம் வரவில்லை.

பையன் அன்றைக்கு எழுந்து போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் அவனுடைய காலுக்கு ஒரு களிம்பு கொடுத்தனுப்பினார். அந்த மாடியில் ஒருவர் காயத்துக்கு அவர் மருந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. தடம் மறைய ஒரு மாதம் ஆனது. அடுத்த வருஷம் பையன் மழலை பேசினான், அதற்கடுத்துத் தவழ்ந்தான், பிறகு தவழ்வதும் நின்றது. மகள் கடைவிட்டு வந்ததும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு நடை நடப்பாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு மாலை எட்டிப் பார்த்து, “அழகா இருக்கே, யாரு குழந்தை?” என்று சத்தமாகக் கேட்டாள்.

“எங்கப்பா” என்றாள் மகள். “இப்பத்தான் தூங்கினாரு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”