வெட்டிவேர் பந்தயம் நின்ற கதை

பெல் ஷெனியே குதிரைப் பந்தய மைதானத்தில் வெட்டிவேர் பந்தயத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆபீஸில் கேட்டால் பரிசுப் பணம் திரட்ட முடியவில்லை என்பார்கள். வெளியே கேட்டால், நல்ல குட்டிகளெல்லாம் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டன, வருகிற பணத்தைச் சூதாட்ட மெஷின் தின்றுவிட்டது என்பார்கள். எல்லாம் கட்டுக்கதை. நான் அன்று அங்கே இருந்தேன். ஒரு டிசம்பர் மதியம் பனிமூட்டத்துக்குள் நடந்ததற்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் ஏறுவதற்கு ஜாக்கி கிடைக்கவில்லை. ஆள் ஏறாமல் குதிரை தானாகவா பந்தயம் ஓடும்?

தொடங்கி வைத்தவர் ஓஸெம் ப்ரூஸார்ட் என்ற கரும்புப் பண்ணைக்காரர். எல்லாக் கோப்பையும் ஆண்குதிரைக்கே போகிறதே என்று அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் விடாமல் குத்திக் காட்டியிருக்கிறாள். தொல்லை தாங்காமல் இரண்டு வயதுப் பெண்குட்டிகளுக்கு மட்டும் என்று ஒரு பந்தயம் வைத்தார், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமையில். கென்டக்கியில் ஜெயித்த குதிரைக்கு ரோஜாப் போர்வை போர்த்துவார்கள். இங்கே வெட்டிவேரில் பின்னிய போர்வை. எங்கள் பக்கத்துப் பெண்கள் துணி அலமாரியில் போட்டு வைக்கிற அதே வேர்தான். மழை நாளாக இருந்துவிட்டால் குதிரையோடு சேர்ந்து ஜாக்கியும் ஒரு வாரத்துக்கு மணப்பார்.

ஒரு வருஷம் இரண்டு குட்டிகள் மூக்கோடு மூக்கு வந்துவிட, போர்வையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்ட வேண்டியதாயிற்று. எந்தப் பாதி பெரிது என்று இரண்டு முதலாளியம்மாக்களும் போட்ட சண்டை பந்தயத்தைவிட அதிக நேரம் ஓடியது. ஒரு புயல் வருஷத்தில் மைதானத்துத் தண்ணீரை நெல் வயலுக்கு இறைக்கிற பம்பு வைத்து இறைத்துவிட்டு ஓட்டினார்கள். 'ஆன்ட் ஸாஸா' என்ற கறுப்புக் குட்டி இங்கே ஜெயித்துவிட்டு நியூயார்க்குக்குப் போய்ப் பெரிய இடத்துக் குதிரைகளையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தது. எங்கள் ஊரில் அதன் பெயரில் ஒரு மதுக்கடையே இருந்தது.

இவ்வளவு பெருமை இருந்தும் அந்தப் பந்தயம் என்றாலே எனக்குப் பயம்தான். இரண்டு வயதுக் குதிரை பார்க்கத்தான் வளர்ந்தது, உள்ளுக்குள் குழந்தை. பறக்கிற காகிதத்துக்கு மிரளும், தன் நிழலுக்கே மிரளும். மிரண்டு ஜாக்கியை உதறிவிட்டு ஓடுகிற குதிரையைத் துரத்திப் பிடிப்பதுதான் என் வேலை. பிஸ்கட் என்ற என் தடிக் குதிரைமேல், ஓட்டம் முடியும் கோட்டைத் தாண்டி, வெளிவேலியோரம் காத்திருப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை, அதே வேலி. பயம் மட்டும் ஒருநாளும் பழகவில்லை.

அந்த வருஷம் என் மகள் நொயெமி வெட்டிவேர் பந்தயத்தில் ஏறினாள். பெரிய பந்தயத்தில் அதுதான் அவளுக்கு முதல் தடவை. சாம்பல் நிறக் குட்டி ஒன்று, பெயர் லிட்டில் பெல்ஃப்ரி. காலையிலேயே சதுப்புப் பக்கமிருந்து பனி ஏறிவிட்டது. மதியம் ஜாக்கிகள் அறை வாசலில் அவளைப் பிடித்தேன்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடுடி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஏன், என்னாச்சு என் உடம்புக்கு?"

"பனியப் பாத்தியா நீ?"

"ம்மா, குட்டிதானே ஓடப்போவுது, நானா ஓடறேன்? அதுக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு. நீ போயி பிஸ்கட்டுக்குக் கேரட் குடு. ஆளையே முறைச்சுப் பாக்குது."

"விளையாடாத, நொயெமி."

"நீ மட்டும் இதே பனியில நிக்கப்போற. ஒன்ன யாரு உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்றது?" என்று என் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அப்பாவின் திமிர் அப்படியே வந்திருக்கிறது.

பந்தயத்தை நடத்துவதா வேண்டாமா என்று மேலே ஆபீஸ்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். என் பெரியம்மா மகன் குளோவிஸ்தான் கோபுரத்திலிருந்து ஓட்டத்தை மைக்கில் சொல்பவன். சங்குப் பொத்தானும் அவன் கையில்தான். வாக்கிடாக்கியில் அவனைக் கூப்பிட்டேன்.

"மேலருந்து எதாவது தெரியுதாடா?"

"பால் சட்டிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு வெர்லி. எந்தக் குதிரை முன்னால போவுதுன்னு நானாத்தான் கற்பனை பண்ணிச் சொல்லணும். போர்வைய வேற பின்னி முடிச்சுட்டாங்களாம், முதலாளிங்கல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டு வந்துட்டாங்களாம். ஓட்டியே ஆவணுமாம்."

"அவங்க புள்ளைங்க யாரும் குதிரைமேல ஏறல இல்ல."

"என்கிட்ட எரிஞ்சு விழுந்து என்ன பண்றது?"

எங்கள் மைதானத்துக் காலைப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பயிற்சி நேரத்தில் வேகமாக ஓடுகிற குதிரைகள் உள்வேலியோரம் போகும். முடித்துக்கொண்டு லாயத்துக்குத் திரும்புகிறவை வெளிவேலியோரமாக எதிர்த்திசையில் நடந்து வரும். ஒரு குதிரை அவிழ்த்துக்கொண்டால் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் குதிரைமேல் இருப்பவர்கள் எல்லோரும் குதிரையை வெளிவேலிக்கு இழுத்து நிறுத்திவிட வேண்டும். ஏறத் தொடங்கிய முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. யோசித்துச் செய்கிற காரியமே அல்ல, சங்கு கேட்டால் கை தானாக வெளிப்பக்கம் இழுக்கும். பகல் வெளிச்சத்தில் யாருக்கும் இதில் ஒரு கோளாறும் தோன்றியதில்லை.

ஓட்டம் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் தொடங்கும். குதிரைகள் அங்கிருந்து பெரிய வளைவைச் சுற்றி, பார்வையாளர்கள் முன்னால் நீளுகிற நேர்ப்பாதையில் என்னை நோக்கி வர வேண்டும். குதிரைகளை அடைத்து நிறுத்தியிருக்கிற கேட் திறக்கும் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குளம்பொலி, தூரத்தில், பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல. குளோவிஸ் வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிஸ்கட்டின் பிடரியைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, முழுசா கொண்டாந்து விடு" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது.

அந்தப் பக்கமிருந்து எதுவும் வரக்கூடாது. ஒரே ஒரு குதிரை, தலைதெறிக்க ஓடி வருகிறது. உடனே வாக்கிடாக்கியில், கேட்டைத் திறந்துவிடுகிறவனின் குரல் அலறியது. "ஒண்ணு ஆளத் தள்ளிட்டுத் திரும்பிடுச்சு! தப்புப் பக்கம் ஓடுது! தப்புப் பக்கம்!"

அந்தக் குட்டி வீட்டுக்கு ஓடுகிறது. லாயத்து வாசல் நேர்ப்பாதையின் அந்தக் கோடியில் இருக்கிறது. தினமும் காலையில் அது எப்படி வீடு திரும்புமோ அதே வழியில், வெளிவேலியை ஒட்டி, எதிர்த்திசையில் வருகிறது. அந்தக் கோடியிலிருந்துதான் மற்ற ஏழு குட்டிகளும் வரப்போகின்றன. குளோவிஸ் சங்கை ஊதினால் ஏழு பேரும் வெளிவேலிக்கு இழுப்பார்கள், நேராக இதன் நெஞ்சின்மேல்.

"குளோவிஸ்! சங்க ஊதாத! ஊதித் தொலைக்காதடா!"

நான் கத்தி முடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. அவனும் இருபது வருஷமாக அதே பொத்தானை அழுத்துகிறவன்தானே. அவன் கையும் யோசிக்கவில்லை.

குட்டி என்னை உரசிக்கொண்டு போயிற்று. சூடான மூச்சும் காலி அங்கவடிகளின் கிணுகிணுப்பும் ஒரு செம்பழுப்பு முதுகும்தான் தெரிந்தன; நொயெமியின் சாம்பல் குட்டி இல்லை. பிஸ்கட்டைத் திருப்பி விரட்டினேன். வேலிக்கும் அதற்கும் நடுவே புகுந்து, எட்டிக் கடிவாள வாரைப் பிடித்தேன். வார் அறுந்து கையோடு வந்துவிட்டது. இனி அதை நிறுத்த முடியாது, திருப்ப மட்டும்தான் முடியும். வெளியே ஏழு பேர் நிற்கப்போகிறார்கள், அதில் ஒருத்தி என் மகள். உள்பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். பிஸ்கட்டின் தோளை வைத்து அந்தக் குட்டியை இடித்தேன், காலால் உதைத்தேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். கடைசியில் மிரண்டு உள்வேலிப் பக்கம் பாய்ந்து பனிக்குள் மறைந்தது.

பிஸ்கட்டை வேலியோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். என் மூச்சே எனக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு குதிரைத் தலை வந்தது, பின்னால் இன்னொன்று. வெளிவேலியை ஒட்டி வரிசையாக, நடைக்கு வந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சேறு அப்பிய முகங்களில் என் மகள் முகத்தைத் தேடினேன்.

"நொயெமி எங்க?"

முன்னால் வந்த ஜாக்கி லெஸ்டர் திரும்பிப் பார்த்தான். "பக்கத்துலதான் வந்தா. சங்கு ஊதினதும் நான் வெளிய இழுத்தேன், அவ இழுக்கல. உள்ளயே போயிட்டா."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரம் ஒடிகிற சத்தம், கூடவே ஒரு குதிரையின் அலறல். குதிரை அலறிக் கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நான் இறங்கி ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது கால் நகராமல் நின்றது மட்டும்தான். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்காதவரை அவள் உயிரோடு இருப்பாள் என்று ஏதோ பைத்தியக்காரக் கணக்கு மண்டைக்குள் ஓடியது.

எதிரே வந்ததற்கு விலகி நொயெமியின் குட்டி மோதியதில் உள்வேலி உடைந்திருந்தது. சாம்பல் குட்டி முன்னங்கால் தொங்க எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் புல்சேற்றில் நொயெமி உட்கார்ந்திருந்தாள். இடது தோள் இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முதலில் என்னைத்தான் ஆராய்ந்தாள், மேலிருந்து கீழ்வரை. பிறகு கத்தினாள்.

"அதை உள்பக்கம் வெரட்டின மடச்சாம்பிராணி யாரு?"

"நான்தான்."

"நீயா? ஏம்மா?"

"நீ வெளிய நிப்பேன்னுதான்டி! சங்கு ஊதினா வெளிவேலிக்கு வரணும்னு நாந்தானே ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்? நீ ஏன் வரல?"

"ஏதோ அவுந்துருக்கு, நீ அதுக்குப் பின்னால வந்துட்டு இருப்ப, வேலியோரமாத்தான் வருவன்னு தெரியும். நான் வெளிய இழுத்தா ஒன்மேல வந்து மோதிருவேன்னு..." என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

சாம்பல் குட்டியைச் சுற்றித் திரை கட்டினார்கள். கால் ஒடிந்த பந்தயக் குதிரை பிழைக்காது; கால்நடை டாக்டர் கடைசி ஊசியோடு உள்ளே போனார். காறை எலும்பு முறிந்திருந்தும் நொயெமி ஆம்புலன்ஸில் ஏற மறுத்து, மூச்சு அடங்கும்வரை குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துக்கொண்டு ஓடியதே, அந்தப் புண்ணியவதிக்கு ஒரு கீறல் இல்லை. லாயத்தில் தன் இடத்தில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த டிசம்பரில் வெட்டிவேர் பந்தயத்துக்கு ஜாக்கிகளைக் கேட்டபோது லெஸ்டர் முதலில் முடியாது என்றான், பிறகு எல்லோரும். மற்ற பந்தயம் எதுவானாலும் ஏறுகிறோம், அந்த மாசத்துப் பனியில் இரண்டு வயதுக் குட்டிமேல் ஏற மாட்டோம் என்றார்கள். தள்ளி வைக்கிறோம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அத்தோடு சரி.

நொயெமி தோள் சேர்ந்ததும் மறுபடி ஏறப்போனாள். நீ விட்டுவிடு என்றேன். நீ விடு, நான் விடுகிறேன் என்றாள். நீ முதலில் என்றேன். வீட்டில் அடுப்பில் கம்போ குழம்பு கொதிக்கக் கொதிக்க இதே சண்டைதான். கடைசியில் இருவரும் விடவில்லை. இப்போதும் கேட் திறக்கிற மணி அடிக்கும்போதெல்லாம் நான் வெளிவேலியில் நிற்கிறேன், அவள் எங்கோ எதிர்ப்பக்கத்தில் இருக்கிறாள்.

போன வாரம் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். இனிமேல் சங்கு ஊதினால், நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் நினைக்கவே கூடாது, நேராக வெளிவேலிக்கு வர வேண்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று நானும் நினைக்கக் கூடாது, குதிரையை மட்டும் பார்க்க வேண்டும். சரி என்றேன். அவளும் உடனே சரி என்றாள். என் மகள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. பொய் சொல்கிறாள் என்று அங்கேயே தெரிந்துவிட்டது எனக்கு, ஏனென்றால் நானும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.