ரைட் சொல்ல ஆள் வேண்டும்

டிரைவருக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம் ஒன்று உண்டு. கண்டக்டர் "ரைட்" சொல்லாமல் பஸ்ஸை ஒரு சாண்கூட நகர்த்த மாட்டார். முன்னால் சாலை வெறிச்சோடிக் கிடக்கட்டும், பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கட்டும், மனிதர் பிரேக்கில் வைத்த காலை எடுக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்தால் அவர் பஸ்ஸில் ஏறி இறங்கிய யாருக்கும் ஒரு சிராய்ப்புகூடப் பட்டதில்லை. கடைசியில் அடிபட்டது அவருக்குத்தான். எதிர்த்திசையில் வந்த லாரி ஒன்று வலது முழங்காலை நொறுக்கிவிட்டது.

இனி பஸ் ஓட்ட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலையில் அடிபட்டவர்களுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்கும் மையத்துக்குக் கம்பெனி அவரை அனுப்பியது. ஆறு வாரப் பயிற்சி. திரையில் பஸ்களைப் பார்த்து, மைக்கில் டிரைவர்களுக்கு உத்தரவு சொல்லும் கட்டுப்பாட்டு அறை வேலை. கடைசி வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் தேறினால் பழைய டிப்போவிலேயே ஒரு நாற்காலி. தேறாவிட்டால் வீட்டு நாற்காலிதான்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வழி அடைத்திருந்தால் திரையில் பஸ் சிவப்புப் புள்ளியாக நிற்கும். வழி கிடைத்ததும் புள்ளி பச்சையாகும். பத்து வினாடிக்குள் பொத்தானை அழுத்தி "புறப்படலாம்" என்று சொல்ல வேண்டும். நம் ஆளோ பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இருபது வினாடி போகும், நாற்பது போகும்.

"டிரைவர் சார், எதுக்குக் காத்துட்டு இருக்கீங்க?" என்றார் டீச்சர்.

அவருக்கே தெரியவில்லை. மேசைக்கடியில் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைக் கொத்தனார்தான் கண்டுபிடித்தார். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனவர், கட்டட மதிப்பீடு போடக் கற்றுக்கொண்டிருந்தார். வாய்க்கு மட்டும் சேதாரமே இல்லை.

"டீச்சரம்மா, அண்ணன் கண்டக்டரைத் தேடுறாரு. ரைட், ரைட்!"

டிரைவரின் விரல் தானாகப் பொத்தானில் இறங்கியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் பச்சை வரும்போதெல்லாம் கொத்தனார் குரல் கொடுப்பார், டிரைவர் அழுத்துவார். எல்லாம் ஜோராகப் போனது. வியாழக்கிழமைதான் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க டிப்போவில தனியா உக்காரணும் சார். கொத்தனாரை மடியில கட்டிட்டா போவீங்க?"

அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை. தையல் கடையிலிருந்து வந்த மனைவி முழுக் கதையையும் கேட்டாள். பிறகு குண்டான் மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான்தான் டிரைவர். பச்சை விழுந்தாச்சு. சொல்லுங்க."

அவர் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, வண்டி நிறைய ஆளுங்க. காலை எடுக்கவா வேண்டாமா? எனக்குக் கால் மரத்துப்போகுது."

அவர் குனிந்து பார்த்தார். ரப்பர் செருப்புக்குள் அவள் வலது கால் தரையை அழுந்த மிதித்துக்கொண்டிருந்தது. பாவி, விளையாட்டுக்குக்கூட எடுக்கவில்லை. பத்தொன்பது வருடம் தானும் இப்படித்தான் காத்திருந்தோம், ஒரு நாளாவது பின்னாலிருந்து குரல் வராமல் போனதுண்டா என்று அவருக்குத் தோன்றியது. இப்போது பஸ்களில் கண்டக்டரையே எடுத்துவிட்டார்கள். அங்கே ஒருவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான்.

"ரைட்டும்மா, போலாம்."

"அப்பாடா!" என்று அவள் மூடியைத் திருப்பிக்கொண்டு, வாயால் ஹாரன் அடித்தபடி சமையலறையைச் சுற்றி வந்தாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. இவள் மட்டும் இல்லாவிட்டால் முழங்கால் போன இந்த எட்டு மாதத்தில் நொடிந்துபோயிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். "போதும், சோறு ஆறுது," என்றாள் அவள்.

மறுநாள் டிப்போவில் அதிகாரி கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். திரையில் நிஜ பஸ், சிவப்பில். டிரைவரின் கால் வழக்கம்போலத் தரையை மிதித்தது. பச்சை விழுந்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு அந்த ரப்பர் செருப்பு ஞாபகம் வந்தது. பொத்தானை அழுத்தினார்.

"ரைட்! போலாம் ரைட்!"

போட்ட சத்தத்தில் அதிகாரியின் பேனா கீழே விழுந்தது.

"நாலு வினாடி," என்றபடி அதிகாரி குனிந்து பேனாவை எடுத்தார். "ஆனா 'புறப்படலாம்'னுதான் சொல்லணும். புத்தகத்தில அப்படித்தான் இருக்கு."

அதற்குள் பஸ்ஸிலிருந்து ஸ்பீக்கரில் முன்பின் தெரியாத ஒரு குரல் சிரித்தது. "யாருண்ணே அது? ரைட் கேட்டு எவ்வளவு நாளாச்சு!" பின்னாலேயே எஞ்சின் உறுமும் சத்தம் வந்தது. அதிகாரி ஸ்பீக்கரையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதினார்.

டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. பச்சைப் புள்ளி நகர்வதைப் பார்த்தபடி, மேசைக்கடியில் வலது காலை மெல்லத் தரையிலிருந்து எடுத்தார்.