அப்பா அங்கே இருக்கிறாரா

ஸ்ரீவித்யாவுக்கு அம்மாவைப் பரலோகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பிழைக்க வையுங்கள் என்று கேட்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர்கள் இப்படித் தாராளமாகிவிட்டால் என்ன அர்த்தம் என்று அம்மா பட்டு மாமிக்கே தெரியும்.

புனே கோந்த்வாவில் மகன் பத்ரி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் மாமியைக் கராடியில் மகள் வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது, ஜன்னலுக்கு நல்ல திரை கிடையாது. மருமகன் சேவியர் தூத்துக்குடிக்காரன், நல்ல சம்பளக்காரன், ஆனாலும் சொந்த வீடு வாங்க மறுத்துவிட்டான். நாம் இந்த உலகத்தில் வாடகைக்கு இருக்கிறவர்கள், நம் வீடு மேலே இருக்கிறது என்பான். தினமும் ஹிஞ்சேவாடி ஆபீஸுக்குப் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டு திரும்புகிற மனுஷனுக்கு இந்த உலகம் வேண்டாம் என்று சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

ஸ்ரீவித்யாவுக்கு அது அத்தனை சுலபமாக வரவில்லை. கல்யாணத்துக்காக மதம் மாறினாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, பேசும். கல்யாணத்தின்போது அவள் மாறவே இல்லை. அப்புறம் நிறை மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அவள் இடிந்து கிடந்தபோது தாங்கிப் பிடித்தது சேவியரின் ஜெபக் குழுதான். உன் பிள்ளை பரலோகத்தில் இருக்கிறது, ஒருநாள் போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பொட்டு போனது, தோடு போனது, வளையல் போனது. அவள் எதற்கும் வருத்தப்படவில்லை.

அப்பா பாலசுப்ரமணியன்தான் அவளை உறுத்திக்கொண்டிருந்தார். ராணுவக் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்துப் புனேயிலேயே ரிடையர் ஆனவர். மகள் பொட்டை எடுத்தபோது வீடே ரகளையானது. அவர் மட்டும், ஏதோ ஒரு சாமியைக் கும்பிடறாளே, விடு என்றார். கிறிஸ்துமஸுக்கு வந்து, முட்டை போடவில்லையே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். போதகர் சொல்கிற கணக்கில் அவர் எங்கே இருக்கிறார் என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் துணி மடிப்பாள்.

அம்மாவையாவது விட்டுவிடக் கூடாது. ஞானஸ்நானம் கொடுக்கிற நிலையில் உடம்பு இல்லையே என்று போதகரிடம் போனில் அழுதாள். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கே கடைசி நேரத்தில் பரலோகம் கிடைத்தது, விசுவாசிக்கிறேன் என்று வாயால் அறிக்கை செய்தால் போதும் என்று அவர் தைரியம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் மாமிக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. ஸ்பூனில் மோர் கொடுத்துவிட்டு ஸ்ரீவித்யா பேச்சை ஆரம்பித்தாள். மாமி கோபிக்கவில்லை. உனக்குத் திருப்தின்னா சொல்லிட்டுப் போறேன் என்றாள். எனக்காக வேண்டாம், மனசார வேண்டும் என்று மகள் கெஞ்சினாள். அங்கே வலி இல்லை, அழுகை இல்லை, நம் குழந்தை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழந்தை என்றதும் மாமியின் கண் கலங்கியது. அப்புறம் மகளையே பார்த்தாள்.

"அப்பா அங்க இருக்காராடி?"

ஸ்ரீவித்யா மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் இருந்தா வரேன். இல்லேன்னா என்னை விட்டுடு. அவர் இல்லாத இடத்துல நான் போய் என்ன பண்ணப் போறேன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா வர மாட்டாள். அம்மா வராவிட்டால் அப்பாவும் அம்மாவும் நரகத்தில், அந்த நெருப்பில். ஸ்ரீவித்யா விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவிடம் பெரிதாக ஒரு பொய் சொன்னதில்லை.

"இருக்கார்ம்மா. கடைசி மாசம் என்கூட உக்காந்து ஜெபம் பண்ணினார். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார்."

மாமி சிரித்தாள். அந்த நோயிலும் அது முழுச் சிரிப்பு.

"திருட்டு மனுஷர். சக்கரை இருக்கறச்சே ஜிலேபி தின்னுட்டு ஒளிச்ச மாதிரி இதையும் ஒளிச்சிருக்கார் பாரு."

அதற்குப் பிறகு ஒரு தடையும் இல்லை. மகள் சொல்லச் சொல்ல மாமி ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறவள் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. பத்ரி சாஸ்திரப்படி எல்லாம் செய்தான். ஸ்ரீவித்யா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் சேவியர் எழுந்து, மாமியார் கடைசி நேரத்தில் மனம் திரும்பியதைச் சாட்சியாகச் சொன்னான். ஓர் ஆத்தும ஆதாயம் என்று கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் இருந்த ஜெபக் குழு அக்கா ஒருத்தி ஸ்ரீவித்யாவைக் கட்டிக்கொண்டு, அம்மா பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பாங்க என்றாள். காத்திருப்பாள். பார்த்ததும் என்ன கேட்பாள் என்றும் ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் எல்லாவற்றையும் சேவியரிடம் சொல்லிவிட்டாள். அவன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். கோபப்படவில்லை. நல்ல மனுஷன், அதுதான் அவனிடம் இருக்கும் சங்கடம். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தை பொய் சொல்லலையே வித்யா. அவங்க அறிக்கை செல்லும்."

"அம்மா அங்க அப்பாவைத் தேடுவாளே."

"தேட மாட்டாங்க. அங்க துக்கமே கிடையாது. மாமா ஞாபகமே அவங்களுக்கு இருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னான். இதைவிடப் பெரிய ஆறுதல் அவனிடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல ஜெபத்துக்கு மண்டியிட்டார்கள். அம்மாவுக்காக என்ன கேட்பது என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டே இருக்கட்டும் என்று கேட்கவா? மறந்துபோகட்டும் என்று கேட்கவா? காலையில் அப்பாவுக்குக் காபி கொடுத்த பிறகுதான் தான் ஒரு வாய் குடித்தவள் அம்மா. அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால், நெருப்போ எதுவோ, அவரோடு இருந்திருப்பாள், அதுதான் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாளே. சேவியர் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். சாவுகூடப் பிரிக்காத இருவரை என்றைக்குமாகப் பிரித்துவிட்டது பெற்ற பெண்தான்.