சாமிக்குப் போடாத ஊசி

குருசாமி ஈஸ்வரபாண்டி, சுருளிராஜனின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் துளசிமணி மாலையைக் கழற்றினார். தாடியில் ஒரு மணி சிக்கிக்கொண்டது.

"மெதுவா சாமி, வலிக்கப்போகுது" என்று பதறினாள் பாண்டீஸ்வரி. சொன்ன பிறகுதான் புருஷன் செத்துக் கிடப்பது அவளுக்கு உறைத்தது.

குருசாமி சிக்கலை எடுத்துவிட்டு, மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனித் தொடலாம்த்தா" என்றார்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து அவள் அவனைத் தொடவில்லை. ஒரே வீட்டுக்குள் அவனுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். மாமா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், சாமி சாமி என்றது. அவனோ குறும்புக்காரன். "மாளிகப்புறம், காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்று, பெண்சாமியைக் கூப்பிடுவதுபோல அடுக்களை வாசலில் நின்று கும்பிடுவான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது காய்ச்சல் பார்க்க நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். தலையை ஒதுக்கிக்கொண்டு, "நான் சாமிம்மா" என்று சிரித்தான். இப்போது ஒதுங்கவில்லை. கன்னத்தில் கையை வைத்தாள். மலைக்குப் போய்விட்டு எப்போது வருவான், எப்போது வருவான் என்று ஏங்கிக் கிடந்தாளே, இதற்கா?

அதே வீட்டில் மாலை போட்டிருந்த இன்னொருவன் அவன் தம்பி முத்துவீரன். வீட்டில் சாவுத் துட்டி விழுந்துவிட்டதால் அவன் மாலையும் கழன்றது.

கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் அடுத்த தெரு தேவயானி. உத்தமபாளையத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவள். "முட்டைனு நான் சொல்லாம இருந்துருக்கணும்க்கா... சொல்லாம இருந்துருக்கணும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்னம்மா முட்டை?" என்றார் குருசாமி.

மாலை போட்ட வாரம் தேவயானி வீட்டுக்கு வந்திருந்தாள். "சுகர் இருக்கவுக குளிரு எறங்குறதுக்கு முன்னால ஃப்ளூ ஊசி போட்டுக்கிறணும்ணே. ஒங்க மக ஓவியாவுக்கும் இளைப்பு இருக்கு. வீட்டுல நீங்க நாலு பேரும் போட்ருங்க" என்றாள். சுருளிராஜன் எதையும் கிண்டிப் பார்க்கிறவன். "அத எதுலம்மா செய்யிறாக?" என்று கேட்டான். அவளும் படித்ததை மறைக்காமல், "முட்டைக்குள்ள வளத்து எடுக்கிறதுண்ணே" என்றாள். அவ்வளவுதான். "சாமி சரணம்!" என்று காதைப் பொத்திக்கொண்டான். "மால போட்ட வீட்டுல முட்டையா? மலைக்குப் போயிட்டு வந்துறேன். எல்லாருக்கும் சேத்துப் போட்டுக்கிடலாம்" என்றான். பாண்டீஸ்வரிக்கும் அது சரியாகத்தான் பட்டது. முட்டை பொரித்த சட்டியைக்கூடக் கழுவி மாட்டுக்கொட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்த வீடு அது.

பிறகு காய்ச்சல் வந்தது. விடியக்காலப் பச்சத்தண்ணிக் குளியலை அவன் விடவில்லை. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போனவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். தேனிக்குக் கொண்டுபோனபோது நெஞ்செல்லாம் சளி கட்டியிருந்தது. ஃப்ளூதான், சுகரும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர்.

தேவயானி சொல்லி முடித்ததும் குருசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"அட பாவிப்பயலே! மருந்துக்கு ஏதுடா வெரதம்? நானே வருசாவருசம் போடுறேன். இந்த வருசம் மாலையோட போயித்தான் போட்டுட்டு வந்தேன். ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டுருக்கக் கூடாதா?"

செருப்புப் போடலாமா, பல் விளக்கப் பேஸ்ட் ஆகுமா, பேக்கரி பன்னு தின்னலாமா என்று அவருக்குப் போன் மேல் போன் போட்டவன் சுருளிராஜன். இதை மட்டும் கேட்கவில்லை. பாண்டீஸ்வரிக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. சட்டையைப் பிடித்து உலுக்கி, ஏன் மாமா கேக்கல என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவன் போட்டிருந்த கறுப்பு வேட்டியைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் முத்துவீரன்தான் கொள்ளி வைத்தான். வீட்டைக் கழுவிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு அவன் திரும்பி வந்து சுவரோரம் உட்கார, ஓவியா சித்தப்பனின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் மூச்சில் லேசாக விசில் சத்தம் கேட்டது. பாண்டீஸ்வரி மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவயானி ஓவியாவுக்குக் காய்ச்சல் பார்த்தாள். "காய்ச்சல் இல்லக்கா. எப்பவும் வர்ற இளைப்புதான். மருந்து உறிஞ்சினாச் சரியாயிரும்" என்றாள்.

"அந்த ஊசிய இப்பப் போடலாமா?"

"தாராளமாப் போடலாம்க்கா. நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து போட்டுவிடுறேன்."

துட்டிக்கு வந்திருந்த சுருளிராஜனின் அக்கா இருளம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, தீட்டு வீட்டுல ஊசியா? ஊரு என்ன பேசும்? கருமாதி முடியட்டும். எல்லாருக்கும் சேத்துப் போட்டுக்கிடலாம்."

பாண்டீஸ்வரி சடாரென்று திரும்பினாள். "இதேதான் மதினி அவுகளும் சொன்னாக. மலைக்குப் போயிட்டு வந்துறேன்னாக. நானும் சரின்னேன். ஊரு பேசுனா பேசிட்டுப் போகட்டும். இனி எது முடியட்டும்னும் நான் காத்துக்கெடக்க மாட்டேன்."

தேவயானி எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

"அப்ப எத்தன ஊசி எடுத்துட்டு வரட்டும்க்கா?"

"வீட்டுல எல்லாருக்கும்தான். நாலு."

"நாலு எதுக்குத்தா..." என்று தொடங்கிய இருளம்மாள், பாதியில் நிறுத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். முத்துவீரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிக்கா. நாலு கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு, தேவயானி வண்டியைக் கொஞ்சதூரம் உருட்டிக்கொண்டே போய், தெருமுனையில் நின்று ஸ்டார்ட் செய்தாள்.