இருபத்திரண்டாம் வரிசைப் பலகை

ஆட்டம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அதற்குள்ளேயே குழியின் வடக்குப் பக்கத்தில் பெஞ்சுகள் பெயர ஆரம்பித்துவிட்டன. மரம் கிழிகிற சத்தம் கேட்டு வெர்னா திரும்பிப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் பச்சைச் சாயம் பூசிக்கொண்ட மாணவர்கள் நாலைந்து பேர் ஒரு பலகையின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். பலகை முறிந்ததும் கீழே கைதட்டல் எழுந்தது.

அந்த அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குக் காகிதத்தில் வேறு ஏதோ பெயர் உண்டு. பெல்ஃபோர்ட் ஊரில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மண்ணைத் தோண்டி இறக்கிக் கட்டியதால் அது குழி, அவ்வளவுதான். மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. ஆகஸ்ட் வெயிலில் பெஞ்சு தொடையைப் பொசுக்கும். ஆனால் எதிரணி ஆட்கள் சுரங்க வழியாக உள்ளே வரும்போது தலைக்கு மேலே பதினெட்டாயிரம் பேர் இரும்புத் தளத்தைக் காலால் உதைப்பார்கள். வந்தவர்களுக்குப் பல் கிட்டிப் போகும். லூசியானாவில் வேறெந்தக் கல்லூரிக்கும் அப்படி ஓர் இடம் வாய்க்கவில்லை என்பது ஊரின் நம்பிக்கை. 1994 நவம்பரின் மூன்றாம் சனிக்கிழமையோடு அதன் கதை முடிகிறது; கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஞாபகத்துக்கு எதையாவது பெயர்த்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் புது மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, கோப்பை வைக்க ஒரு ஓட்டை.

வெர்னாவின் கோட்டுக்குள் ஒரு முழ நீளத்துக்கு ஸ்பேனர் இருந்தது. அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஷெட்டிலிருந்து அதை எடுத்து வந்திருந்தாள். இருபத்திரண்டாம் வரிசை, பதினொன்றாம் இடம் அவளுடையது. பன்னிரண்டு அவள் புருஷன் க்ளோவிஸ் உட்கார்ந்த இடம். அவன் போன வருஷம் மார்ச்சில் கணையத்தில் புற்று வந்து செத்துப்போனான். பதிமூன்றில் அல்சீட்.

இருபது வருஷமாக அல்சீட் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அறுபது வயது, எருமைக் கழுத்து, படகுத் துறையில் பாரம் தூக்கித் தேய்ந்த முழங்கால். இந்த சீசனில் வெர்னா இரண்டு இடத்துக்கும் டிக்கெட் எடுத்து, பன்னிரண்டின் மேல் க்ளோவிஸின் பச்சைத் தொப்பியை வைத்துவிடுவாள். செப்டம்பரில் எவனோ தெரியாமல் தொப்பியை நகர்த்திவிட்டு அதில் உட்கார்ந்தான். அல்சீட் அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி முன் வரிசைக்கு அனுப்பினான். அவன் மூக்கில் ரத்தம் வந்தது. வெர்னா அல்சீட்டுக்கு அன்று சாசேஜ் வாங்கிக் கொடுத்தாள்.

இந்தக் கடைசி ஆட்டமே வெட்டுக்குத்து மாதிரிதான் நடந்தது. எதிரணி ஹார்லன் கல்லூரி. மூன்றாம் கால் பகுதியில் பெல்ஃபோர்டின் பந்து எறிபவனை ஹார்லன் ஆட்கள் இரண்டு பக்கமும் மோதினார்கள். ஹெல்மெட் தனியாக உருண்டது. பையன் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடா! எந்திரிச்சு நில்லுடா!" என்று வெர்னா தொண்டை கிழியக் கத்தினாள்.

"எந்திரிக்க எலும்பு மிச்சம் இருக்கணும்ல," என்றான் அல்சீட். ஆனால் அவனும் எழுந்துதான் நின்றான். ஸ்ட்ரெச்சர் சுரங்கத்துக்குள் மறையும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

பெல்ஃபோர்ட் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். கடைசி விசில் ஊதியபோது கழுதைகள் மூன்று புள்ளியில் தோற்றிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஹார்லன் கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்து, கழுதை மாதிரி கனைத்துக்கொண்டே புல்லைப் பிடுங்க ஆரம்பித்தது. ஜெயித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்கள். தோற்ற வயிற்றெரிச்சலில், சொந்த மண்ணை எதிரி பிடுங்கிப் பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டு யார் இருப்பார்கள்? நாலு பக்கத்திலிருந்தும் பச்சைச் சட்டைகள் சரிந்து இறங்கின. பாட்டில்கள் பறந்தன. கோல் கம்பத்தில் முப்பது பேர் தொங்கினார்கள். அது சாய்ந்து விழுந்தபோது அடியில் ஒருத்தனின் கால் மாட்டியது. அவன் அலறியது இருபத்திரண்டாம் வரிசைவரை கேட்டது. குதிரைப் போலீஸ் உள்ளே வந்து மருந்து பீய்ச்சியதும் காற்றில் மிளகாய் நெடி ஏறியது.

வெர்னா இதில் எதையும் கவனிக்கவில்லை. மண்டியிட்டு, துருப்பிடித்த போல்ட்டை ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தாள். கடைசி போல்ட் கழலும்போது கர்ர்ர் என்று வேறொரு சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். அல்சீட் ஒரு ரம்பத்தைப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வைத்து அறுத்துக்கொண்டிருந்தான்.

"யோவ், என்ன பண்றே?"

"உன்னோடது உனக்கு. பன்னெண்டும் பதிமூணும் எனக்கு."

"பன்னெண்டு க்ளோவிஸோடது."

"அதனாலதான் கேக்குறேன்."

"கேக்குறியா? அறுத்துக்கிட்டு இருக்கே!"

"உனக்கு வீடு முழுக்க அவன் சாமான்தான், வெர்னா. செருப்பு, சட்டை, கட்டில், சவர பிளேடு எல்லாம் வச்சிருக்கே. எனக்கு என்ன இருக்கு? இந்த ஒண்ணரை அடி மரம்தான்."

"ரம்பத்த எடு. சொல்றேன் எடு!"

அவன் எடுக்கவில்லை. அவள் ரம்பத்தின் மேல் கையை வைத்தாள். அவன் தள்ளிவிட்டான். பெரிய தள்ளல் இல்லை, ஆனாலும் பெஞ்சு விளிம்பில் வாய் இடித்து அவள் உதடு பிளந்தது. வெர்னா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிய, விடாமல் கடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டே முழங்கையால் அவள் நெஞ்சில் இடித்தான். ரம்பம் இரும்புத் தளத்தில் விழுந்தது. சுற்றிலும் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்ததால் இவர்களை விலக்கிவிட யாரும் வரவில்லை. வந்தவன் ஒருத்தனும் "விடாத, இன்னும் ஒண்ணு போடு!" என்று யாரைப் பார்த்தோ கத்திவிட்டுத் தாண்டிப் போனான்.

"அவன் பொண்டாட்டி நான்!" என்றாள் வெர்னா. வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. "நீ யாரு? சனிக்கிழமை சிநேகிதன். வருஷத்துக்கு ஆறு சனிக்கிழமை!"

அல்சீட்டின் முகம் செத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "ஆறு சனிக்கிழமைதான். ஆனா சாவப்போறேன்னு அவன் மொதல்ல எங்கிட்டதான் சொன்னான். உங்கிட்ட சொல்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே. இதோ இங்க வச்சு."

வெர்னா அடித்தாள்.

ஸ்பேனர் கையில் இருந்ததே தனக்கு அப்போது தெரியாது என்று பிறகு போலீஸிடம் சொல்லவில்லை. தெரியும். தோளே கழன்று வருகிற மாதிரி முழு வீச்சில் இறக்கினாள். இடது காதுக்கு மேலே பட்டது. ஈர மரத்தில் கோடாலி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அல்சீட் அவளை ஆச்சரியமாக ஒரு பார்வை பார்த்தான். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு வரிசை கீழே போய் விழுந்தான்.

அவள் பெஞ்சுகளைத் தாண்டி இறங்கினாள். காதிலிருந்து ரத்தம் வழிந்து தளத்தின் துளைகள் வழியாகக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. க்ளோவிஸின் தொப்பியைச் சுருட்டிக் காயத்தில் வைத்து அழுத்தினாள். "அல்சீட்! யோவ், கண்ணத் தொற! என்னத் திட்டு, ஏதாவது சொல்லித் திட்டு!" அவன் கண் திறந்துதான் இருந்தது. பார்வைதான் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

அவள் தலையைத் தூக்கியபோது மேலே இரண்டு மாணவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று இடமும் ஒரே துண்டாக, அரைகுறையாக அறுபட்ட வெட்டோடு. போல்ட் எல்லாம் கழன்று தயாராக இருந்ததில் அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"தேங்க்ஸ்ம்மா!" என்று ஒருவன் கையை ஆட்டினான்.

காயத்திலிருந்து கையை எடுத்தால் ரத்தம் கொட்டும். எடுக்காவிட்டால் பலகை போய்விடும். வெர்னா கையை எடுக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து அல்சீட்டை வேறொரு பெயர்ந்த பலகையின் மேல் போட்டு வெளியே தூக்கிப் போனார்கள். அவள் தொப்பியை அழுத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. பச்சையும் நீலமுமாக, உடைந்த மூக்கும் எரிகிற கண்ணுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள்.

"அடிபட்டவர் பேரு?"

"அல்சீட்."

"முழுப் பேரு?"

வெர்னா வாயைத் திறந்தாள். இருபது வருஷம். சாசேஜுக்கு இரண்டு பக்கமும் கடுகு தடவுவான். மேளக்காரர்களைப் பிடிக்காது. ஆட்டம் தோற்றால் தலைக்குப் பதிலாக முழங்காலில் அடித்துக்கொள்வான். அவன் மனைவி செத்த வாரம்கூட ஆட்டத்துக்கு வந்தான். இத்தனையும் தெரியும். ஆளின் குடும்பப் பெயரோ, வீடு இருக்கும் தெருவோ தெரியாது.

"இருபத்திரண்டாம் வரிசை," என்றாள் கடைசியில். "பதிமூணாம் சீட்டு."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அல்சீட்டின் பையில் இருந்த லைசென்ஸைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியனுப்ப, ஒரு மணி நேரத்தில் அவன் மகன் வந்தான். ரெமி என்று பெயர். அதே கழுத்து. மண்டை ஓட்டில் விரிசல், ஆபரேஷன் நடக்கிறது என்று கேட்டுவிட்டு, "எந்த நாய் அடிச்சது? ஹார்லன்காரனா?" என்று சுவரோரம் இருந்த நீலச் சட்டைகளை நோக்கிப் போனான்.

"நான்தான்," என்றாள் வெர்னா.

"என்னது?"

"நான்தான் அடிச்சேன். ஸ்பேனரால."

ரெமி அவளை மேலும் கீழும் பார்த்தான். ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை, கிழிந்த உதடு, முழங்கைவரை அவன் அப்பாவின் ரத்தம். இரண்டு கையாலும் அவள் கோட்டைப் பிடித்துத் தூக்கிக் குளிர்பான இயந்திரத்தின் மேல் அறைந்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. கண்ணாடி நொறுங்கியது. அவள் விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மூன்றாவது தடவைக்குள் ஷெரீஃபின் ஆள் வந்து அவன் கழுத்தில் கை போட்டு இழுத்தார்.

"இவன் மேல புகார் குடுக்கிறீங்களாம்மா?"

"இல்ல. என் மேல எழுதிக்குங்க."

அவர் பெருமூச்சு விட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "இன்னிக்கு தானா வந்து ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதான்."

அல்சீட் பிழைத்தான். இடது காது செவிடாகிவிட்டது. படுத்து எழுந்தால் உலகம் சுற்றியது. விசாரணையில் அவன் ஊன்றுகோலோடு வந்து, முதலில் தள்ளியது தான்தான் என்றும், ரம்பம் கொண்டுபோனதும் தான்தான் என்றும் சொன்னான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீதிபதி அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷ நன்னடத்தைக் காவல், அந்த இரண்டு வருஷமும் கல்லூரி ஆட்டம் எதற்கும் போகக்கூடாது. பேருந்து வேலை போயிற்று. கோழித் தீவன லாரி ஓட்டப் போனாள். ஏப்ரலில் குழியை இடித்தபோது ஊரே வேலியோரம் நின்று அழுதது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

புது மைதானத்தில் முதல் ஆட்டம் செப்டம்பரில். அன்று மதியம் வெர்னா, நீதிமன்றக் காகிதத்தில் பார்த்து வைத்திருந்த விலாசத்துக்கு லாரியை ஓட்டிப் போனாள். ரெமி கதவைத் திறந்தான்.

"எதுக்கு வந்தே? மிச்சம் இருக்கிற காதையும் எடுக்கவா?"

"விடு, ரெமி," என்று பின்புறத்திலிருந்து குரல் வந்தது.

அல்சீட் கொல்லைப்பக்கம் ஒரு மடக்கு நாற்காலியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டிருந்தான். "வலது பக்கம் வா. அந்தப் பக்கம் நின்னா சுவர்கிட்ட பேசற மாதிரிதான்."

அவள் வலது பக்கம் தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க மனசுக்குள் கட்டிவைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"நீ ஏன் போகல?"

"கூட்டத்துல நின்னா விழுந்துடுறேன். போனவன் சொன்னான், அங்க எல்லாரும் உக்காந்தே பாக்குறாங்களாம். சத்தமே இல்லியாம்." காறித் துப்பினான். "பள்ளி நூலகம் மாதிரி."

முதல் பாதி முடியும்வரை ரேடியோவுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வெர்னா கேட்டாள். "அன்னிக்கு அவன் என்ன சொன்னான்?"

அல்சீட் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"நீ சாசேஜ் வாங்கப் போயிருந்தே. நம்ம ஆளுங்க கோல் கோட்டுக்கு அஞ்சு கஜம் கிட்ட வந்துட்டாங்க. எல்லாரும் தரைய ஒதைக்கிறாங்க, பக்கத்துல இருக்கிறவன் பேசறது காதுல விழாது. அப்பதான் என் காதுல வந்து கத்தினான், 'எனக்குப் புத்துநோய், அல்சீட். வசந்த காலம் வரைக்கும்தான்'னு. வீட்டுல பேச வாயத் தொறந்தா வரமாட்டேங்குதுன்னான். வீடு அமைதியா இருக்காம். உன் முகத்தப் பாத்தா முடியலியாம். இந்த சீசன் முடியட்டும், அப்புறம் சொல்றேன்னான்."

"அழுதானா?"

"நம்ம ஆளுங்க கோட்டைத் தாண்டிட்டாங்க. ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு கத்தினோம். ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி. நீ சாசேஜோட வந்து, 'ஒரு டச்டவுனுக்கு ரெண்டு கிழட்டுப் பயலுகளும் இப்படி அழுவுறீங்களே'ன்னு கேலி பண்ணினே."

வெர்னாவுக்கு நினைவு வந்தது. வெயில், கடுகு வாசனை, இரண்டு பேரும் அவளைப் பார்த்து அசடு வழியச் சிரித்தது. அவளும் சிரித்திருந்தாள்.

முழங்காலில் எழுந்து முஷ்டியால் அல்சீட்டின் நெஞ்சில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். நாற்காலி கிரீச்சிட்டது. ரெமி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"உள்ள போடா," என்றான் அல்சீட். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அவள் களைத்துப்போகும்வரை குத்தட்டும் என்று நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.