தைரியக் கஷாயம்

கோட்டைச் சமையலறையில் தைரியக் கஷாயம் காய்ச்சுவது அவள் வேலை. டிராகனின் மூச்சுப்பட்டுக் கருகிய பாறைகளில் மட்டும் முளைக்கும் நீலவேரை இடித்துப் போட்டு, அண்டாத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கிண்ட வேண்டும். ஒரு குவளை குடித்தவனுக்கு ஒரு நாள் முழுக்கப் பயமே தெரியாது. டிராகனை எதிர்க்கப் போகும் எல்லோருக்கும் அதைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் திரும்பியதில்லை. ஓட வேண்டிய நேரத்தில் அவர்களுக்கு ஓடத் தோன்றாது.

தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பிக்கு இந்த முறை அழைப்பு வந்தது. வாலு என்றுதான் கோட்டையே அவனைக் கூப்பிடும்.

வரிசையில் அவன் முறை வந்தபோது, தனியே எடுத்து வைத்திருந்த குவளையை நீட்டினாள். அதில் இருந்தது வெறும் இஞ்சித் தண்ணீர். பயந்தால் ஓடிவந்துவிடுவான் என்று நம்பினாள்.

ஒரே மூச்சில் குடித்தவன் அவளை ஒரு கணம் பார்த்தான்.

"இன்னிக்கு உன் கைமணமே தனிக்கா!"

"வாயாடாம போடா. பத்திரமா வந்து சேரு."

மூன்றாம் நாள் மதியம் அவன் கூட்டாளி ஒட்டகம் மட்டும் வந்தான். நீளக் கழுத்தால் வந்த பெயர். தலைமுடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது.

அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் ஓடலையா?"

"ஓடினான்க்கா. நாங்கல்லாம் மரம் மாதிரி நின்னோம், அவன் மட்டும் ஓடினான். பாதிச் சரிவு இறங்கிட்டான். திரும்பிப் பார்த்தா, நான் டிராகனோட வாய்க்கு நேரா இளிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஏறி வந்து என்னைப் பள்ளத்துல தள்ளிவிட்டான். அவன் விலகறதுக்குள்ள நெருப்பு வந்துருச்சு."

அவள் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது சுட்டது கூட உறைக்கவில்லை.

"பயந்திருந்தானா?"

"பல்லு கிடுகிடுன்னு அடிச்சுச்சுக்கா." ஒட்டகம் குரலைத் தாழ்த்தினான். "போற வழியிலேயே எங்கிட்ட சொல்லிட்டான். 'அக்கா எனக்கு இஞ்சித் தண்ணி குடுத்துட்டா. வெளிய சொல்லிடாதே, அவளைச் சிறையில போட்டுருவாங்க'ன்னு."

சாயங்காலம் தளபதி துக்கம் விசாரிக்க வந்தார்.

"உன் தம்பியை மாதிரி ஒரு வீரனைப் பார்த்ததில்லைம்மா. எல்லாம் உன் கஷாயத்தோட மகிமை."

"அவன் கஷாயம் குடிக்கலீங்க. நான்தான் குடுக்கலை."

தளபதியின் முகம் மாறியது. வாசலில் நின்ற காவலர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து கையைப் பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சரிவில் திரும்பி ஏறும்போது பிள்ளை எப்படிப் பயந்திருப்பான் என்பதிலேயே அவள் மனம் கிடந்தது.